சார்ஜரை விடுங்கள், டிஷ் பெட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் கறண்ட் பில்லைக் குறைக்க வழி சொல்லி ஒரு குறிப்பு வந்தது. அதில் முதலாவது வழி, போன் சார்ஜரைப் பிளக்கில் விட்டுவைக்க வேண்டாம் என்பது. அதை வாசித்த என் மனைவி அன்றிலிருந்து வீட்டிலுள்ள நாலு சார்ஜரையும் கழற்றிக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடத் தொடங்கினார். பேரன் சார்ஜரைத் தேடி வீடு முழுக்க அலைந்தான். மாத முடிவில் பில் வந்தது: 99 அலகு. அதற்கு முந்தின மாதம் 98.

குறிப்பை எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பாடசாலைப் பதாகை, வானொலி, பத்திரிகை எல்லாவற்றிலும் இந்தச் சார்ஜர் கதைதான் ஓடுகிறது. படலையைத் திறந்து போட்டுவிட்டு வேலியில் பொட்டு அடைக்கிற வேலை. ஒருவரும் பாவிக்காத நேரத்திலும் கறண்டைக் குடிக்கிற சாமான் எது, எவ்வளவு குடிக்கிறது என்று என் வீட்டு மீற்றரிலேயே அளந்து பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் தயவுசெய்து எண்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள்.

நான் இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள விசுவமடுவில் இருக்கிறேன். இருபத்தேழு வருஷம் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்து முகாமையாளராக ஓய்வு பெற்றவன். நிறுக்காமல், அளக்காமல் ஒன்றையும் நம்பாத பழக்கம் அங்கே வந்தது. போர்க் காலத்தில், 1990 க்குப் பிறகு, எங்கள் பக்கம் மின்சாரம் என்று ஒன்று கிடையாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் வருகிற நாளில் கடை வாசலில் விடியவே வரிசை நிற்கும். போத்தல் கணக்கில் அளந்து ஊற்றினது இந்தக் கைதான். ஊற்றி முடிந்தாலும் போத்தலை எடுக்க மாட்டார்கள். புனலில் ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசிச் சொட்டும் விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயை விட்டு, சைக்கிள் வால்வுக் கட்டையில் ஒரு திரியைப் போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். ரேடியோச் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோ ஓட. சுற்றுகிறவர் கையை எடுத்தால் செய்தியும் நின்றுவிடும். இன்றைக்கு ரீவியின் மூலையில் சிவப்புப் பொட்டு எரிகிறதே, அப்படி ஒரு சங்கதி அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் மீற்றர் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. சக்கரம் சுற்றுகிற பழசு இல்லை, இலக்கம் காட்டுகிற புதுவகை. அதில் ஒரு சின்னச் சிவப்பு லைட் விட்டு விட்டுச் சிமிட்டும். பக்கத்தில் 1600 என்று அச்சடித்திருக்கும். ஒரு அலகு ஓடி முடிய அந்த லைட் 1600 தரம் சிமிட்டும் என்பது அதன் கருத்து. உங்கள் மீற்றரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த தம்பிதான் இந்தச் சூட்சுமத்தைச் சொல்லித் தந்தவர். 36 லட்சத்தை அந்த எண்ணால் பிரிக்க வேண்டும். வருகிற விடையை, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பார்த்து அதனால் பிரிக்க வேண்டும். அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது வந்துவிடும். எங்கள் மீற்றருக்கு 36 லட்சத்தை 1600 ஆல் பிரித்தால் 2250.

ஒரு சனிக்கிழமை இரவு பத்தரைக்குக் கதிரையைப் போட்டு மீற்றருக்குக் கீழே இருந்தோம், நானும் பேரனும். அவன் கையில் போன், செக்கன் பார்க்க. பிரிட்ஜை ஒரு மணித்தியாலத்துக்கு நிப்பாட்டினோம், கதவைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. ஃபான் எல்லாம் நிப்பாட்டு, லைட் எல்லாம் நிப்பாட்டு, தண்ணி மோட்டரும் இல்லை. மற்றச் சாமான்களை மட்டும் வழமையாகப் படுக்கப் போகும்போது எப்படி விடுவோமோ அப்படியே விட்டோம், லாச்சிக்குள் கிடந்த நாலு சார்ஜரும் அன்றைக்குப் பிளக்கில். ரீவியும் வூஃபர் செட்டும் றிமோட்டால் நிப்பாட்டினபடி. மகள் வேலை செய்கிற கொம்பியூட்டர் முறைப்படி மூடினபடி. வீடு கும்மிருட்டு. நுளம்பு பிடுங்கித் தின்கிறது. மனைவி உள்ளேயிருந்து, "கள்ளனைப் பிடிக்கக் குந்தியிருக்கிற மாதிரி இருக்குது" என்றார்.

கள்ளன் பிடிபட்டான். 66 செக்கனுக்கு ஒரு தரம் லைட் சிமிட்டியது. 2250 ஐ 66 ஆல் பிரித்தால் 34. ஒரு பல்ப் எரியவில்லை, ஒரு ஃபான் சுற்றவில்லை, 34 வாட் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வாட் மாதம் முழுக்க விடாமல் ஓடினால் 0.72 அலகு. 34 வாட் என்றால் மாதம் 24 அலகுக்கு மேல். என் பில்லில் ஏறக்குறைய கால்வாசி! பேரன் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அதேதான் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தோம். வூஃபர் செட்டைக் கழற்ற இடைவெளி 83 செக்கன் ஆனது. 27 வாட். அப்படியென்றால் அந்தச் செட் சும்மா கிடந்து 7 வாட் எடுத்திருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் பாட்டுப் போடுகிற செட் அது. டிஷ் பெட்டியைக் கழற்ற 125 செக்கன், 18 வாட். பெட்டிக்கு 9. மகளின் கொம்பியூட்டரும் அதற்குக் கீழே இருக்கிற யூபிஎஸ் பெட்டியும் (கறண்ட் போனால் கைகொடுக்கிற பற்றரி) போக 8 வாட்தான் மிச்சம். அதாவது அந்த மூலையில் 10 வாட், அதில் பெரும் பங்கு யூபிஎஸ்ஸுக்கு. மிஞ்சினது இன்டர்நெட் றூட்டர், ரீவி, நாலு சார்ஜர். றூட்டரையும் கழற்றினேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்த இருட்டுக்குள் இருந்தும் மீற்றர் கண் சிமிட்டவேயில்லை. ரீவியும் நாலு சார்ஜரும் சேர்ந்து எடுத்தது மீற்றரின் கணக்கிலேயே ஏறவில்லை. லாச்சிக்குள் போட்டுப் பூட்டினதெல்லாம் வீண்.

ஏன் இப்படி என்று வயரிங் செய்த தம்பியிடம் கேட்டேன். பழைய சார்ஜர்கள் கல்லுப் போலப் பாரமாக இருக்குமே, அவற்றுக்குள் செப்புக் கம்பி சுற்றின இரும்பு இருந்தது. போன் இல்லாவிட்டாலும் சுடும். இப்போதைய சார்ஜர் வேறு வகை, வேலை இல்லாதபோது வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் எடுக்கும். பழைய மாதிரி இரும்பு இன்னும் இருக்கிற இடம் வூஃபர் செட். றிமோட்டால் நிப்பாட்டும்போது பாட்டு நிற்கிறதே தவிர உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்போமருக்குக் கறண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. நம்பாதவர்கள் காலையில் எழும்பி வூஃபர் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். டிஷ் பெட்டி அதைவிடக் கள்ளம். றிமோட்டால் நிப்பாட்டினால் படத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு உள்ளே ஏறக்குறைய முழு வேலையும் செய்துகொண்டிருக்கும். ஓடும்போது எடுப்பதற்கும் "நிப்பாட்டின" பிறகு எடுப்பதற்கும் எங்கள் பெட்டியில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

ரீவி நல்ல பிள்ளையாகினதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் வேலை செய்த அலன் மையர் என்பவர் 1998 இல், எந்தச் சாமானும் சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஒரு யோசனை சொன்னார். சர்வதேச எரிசக்தி முகவரகம் 1999 இல் அதைக் கையில் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் அதைச் சட்டமாக்கி, 2010 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2013 இல் அரை வாட்டாக இறுக்கியது. அங்கே விற்க வேண்டுமென்றால் அப்படிச் செய்தாக வேண்டும் என்று ஆனபடியால் எங்களுக்கு வருகிற புது ரீவியும் அதன் நன்மையோடு வருகிறது. ஆனால் வெளித் தொடர்போடு எப்போதும் விழித்திருக்க வேண்டிய பெட்டிகளுக்கு அந்த அளவு இல்லை, தளர்வான வேறு கணக்கு. டிஷ் பெட்டியும் றூட்டரும் அந்த ஓட்டைக்குள்ளால் வந்தவை.

24 அலகு என்ன பெரிய காசா என்று கேட்பவர்களுக்கு இனிச் சொல்வதுதான் முக்கியம்.

எங்கள் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியானது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலை. 60 ஐத் தாண்டினால் தாண்டின அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதலாம் அலகிலிருந்தே வேறு விலை. நிலைக்கட்டணமும் கூடும். அதற்குப் பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் ஒரு இடறல் இருக்கிறது. 2025 இல் வந்த என் பில்லின் கணக்குப்படி 61 இலிருந்து 90 வரைக்கும் நிலைக்கட்டணம் 400 ரூபாவாக இருந்தது, 91 ஆனால் 1000. தொண்ணூற்றோராவது அலகு ஒன்றுக்காக 600 ரூபா! ஆறேழு மாதமாக நான் 97, 98, 99 என்று அந்தப் படிக்கு மேலே கால் வைத்தபடியே நின்றிருக்கிறேன். மேலே தூக்கி விட்டது வேறொன்றுமில்லை, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த வூஃபரும் டிஷ் பெட்டியும்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கிறா. புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள், தையல் மெஷினும் கோழி வளர்ப்பும். அவவின் பில் 62, 64, 63 என்று வரும். நான் அளந்த கதையைக் கேட்டுவிட்டுப் பில் கட்டை எடுத்துக்கொண்டு வந்தா. "அண்ணை, நான் என்னத்தை நிப்பாட்டிறது? பிரிட்ஜும் இல்லை, மோட்டரும் இல்லை" என்றா. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பழைய ரீவி ஒன்று, டிஷ் பெட்டி ஒன்று, இரண்டும் இரவு பகலாகப் பிளக்கில். பிள்ளைகள் பின்னேரம் கொஞ்ச நேரம் பார்ப்பதோடு சரி. அந்தப் பெட்டியை ஒரு நாளைக்கு 20 மணித்தியாலம் முற்றாக நிப்பாட்டினால் மாதம் 5 அலகுக்கு மேல் குறையும். ரீவி பழசு என்றபடியால் அதிலும் ஒன்றிரண்டு. அடுத்த பில் 57. 64 அலகுக்கும் 57 அலகுக்கும் இடையில் ஏழு அலகுதான் வித்தியாசம், ஆனால் கட்டின காசு பாதிக்கும் கீழே போய்விட்டது. 60 என்ற கோட்டின் வேலை அது. 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறினபோது அந்தக் குடும்பத்துக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். இனியும் ஏறும், இறங்கும். படிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இனி, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் என்று விற்கிற எக்ஸ்ரென்சன் (வயரோடு வருகிற பல ஓட்டைப் பிளக் கட்டை) பற்றி. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் இதைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னதுதான் தாமதம், ரொறொன்ரோவில் இருக்கிற பெறாமகன் ஒன்றை அனுப்பிவிட்டான். ஆறு ஓட்டை, நல்ல கறுப்பு நிறம், பெட்டியில் பச்சை இலை படம். பேரன் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, "அம்மப்பா, இது 120 வோல்ட்டுக்கு" என்றான். எங்களுடையது 230. பிளக்கும் தட்டைத் தகடு, இங்கே ஏறாது. ஏற்றுவதற்கு ஒரு அடாப்டர் கடையில் வாங்கலாம், ஆனால் வாங்கிப் போட்டிருந்தால் அதற்குள் வோல்ட் ஏற்றத்தைத் தாங்க வைத்திருக்கிற பாகம் அங்கத்தைய வோல்ட்டுக்கு அளவானதாம், எங்கள் கறண்டில் புகைந்துவிடும் என்று தம்பி சொன்னார். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் எக்ஸ்ரென்சன் கொண்டுவருகிற உறவுகள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும். எங்கள் வீட்டில் அது இப்போது சாமியறைக் கதவு காற்றுக்கு அடிபடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லண்டனிலிருந்து வந்த மருமகள் கொண்டுவந்த எக்ஸ்ரென்சன் கட்டை சரியாகப் பொருந்தியது. அங்கேயும் 230, அங்கேயும் எங்களைப் போல 13 அம்பியர் சதுரமுனைப் பிளக். அதில் ஒரு ஓட்டை தலைமை ஓட்டை. ரீவியை அதில் செருக வேண்டும். டிஷ் பெட்டியையும் வூஃபரையும் மற்ற ஓட்டைகளில். ரீவி எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கட்டை பார்த்துக்கொண்டே இருக்கும். ரீவியை றிமோட்டால் நிப்பாட்டி இழுவை விழுந்தவுடன் உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், மற்ற ஓட்டைகளுக்குக் கறண்ட் முற்றாக நின்றுவிடும். ரீவியைப் போட்டால் திரும்ப வரும். நல்ல சாமான்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் கிழமை சிரிப்பாய்ப் போய்விட்டது. எங்கள் ரீவி சின்னது, எடுக்கிறதே கொஞ்சம். நாடகத்தில் இருட்டுக் காட்சி வந்தவுடன் இழுவை இன்னும் குறைய, கட்டை ரீவி நின்றுவிட்டதென்று நினைத்து டிஷ் பெட்டியைக் கொன்றுவிட்டது. கொலை நடக்கிற கட்டத்தில்! அன்றைக்கு நான் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகை ஊசி ஸ்குரூட்ரைவரால் கொஞ்சம் திருப்பியபின் சரிவந்தது.

இன்னொரு தரம், அதே கட்டையின் நீளத்தைக் கண்டு மகள் யூபிஎஸ்ஸையும் அதில் செருகிவிட்டா. இரவு பத்துக்கு ரீவியை நிப்பாட்டினோம், யூபிஎஸ் கறண்ட் போய்விட்டதென்று நினைத்துக் கீக்கீ என்று கத்தத் தொடங்கியது. ஒழுங்கை நாயெல்லாம் எழும்பிவிட்டது. யூபிஎஸ்ஸை முதலில் அதன் சொந்தப் பட்டனால் நிப்பாட்ட வேண்டும், பிறகுதான் சுவர் சுவிட்ச். அது எந்தக் கட்டையிலும் சேராத சாதி.

இவ்வளவு பட்ட பிறகு நான் சொல்வது: எங்களுக்கு அந்த லண்டன் கட்டை வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் சுவரில் வெறும் ஓட்டைதான், சுவிட்ச் கிடையாதாம். பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. அவர்களுக்கு அது தேவை. எங்கள் வீடுகளில் ஒவ்வொரு பிளக் பொயின்ற்றிலும் சுவிட்ச் இருக்கிறது. சுவிட்சைத் தட்டுவதற்குத்தான் ஆள் இல்லை, ஏனென்றால் அது ரீவி அலுமாரிக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே, சிலந்தி வலைக்குள் இருக்கிறது. குனிந்து கையை விட்டுத் தட்ட எழுபது வயதில் என்னால் முடியாது, பதினேழு வயதில் பேரனுக்கு மனமில்லை. ஆகவே ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனிச் சுவிட்ச் உள்ள சாதாரண எக்ஸ்ரென்சன் இரண்டு கிளிநொச்சியில் வாங்கினேன். ஒன்றை ரீவி அலுமாரியின் பக்கப் பலகையில், விறாந்தை லைட் சுவிட்ச் இருக்கிற உயரத்துக்கு ஸ்குரூ போட்டு இறுக்கினேன். படுக்கப் போகும்போது லைட்டை நிப்பாட்டுகிற கையாலேயே இதையும் தட்டிவிட்டுப் போகலாம். லண்டன் கட்டையை விட இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் மனைவிக்கு இது விளங்குகிறது.

டிஷ் பெட்டி திரும்ப எழும்ப இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும். அதில்தான் முதலில் சண்டை வந்தது, நாடகத்தின் தொடக்கம் போய்விட்டதென்று. இப்போது பொழுதுபட்டுச் சாமி விளக்கு ஏற்றப் போகும்போது மனைவி சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிறார். தேவாரம் பாடி முடிய பெட்டியும் ஆயத்தம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று வயரின் பருமன். மலிவு எக்ஸ்ரென்சன்களில் வெளி ரப்பர் தடிப்பாக இருக்கும், உள்ளே செப்பு நூல் மாதிரி. 13 அம்பியர் தாங்க 1.25 சதுர மில்லிமீற்றர் கம்பி வேண்டும். 0.5 என்றால் 3 அம்பியரோடு சரி. ரீவிக்கும் பெட்டிக்கும் அது போதும், ஆனால் வீட்டில் ஓட்டை கண்ட இடத்தில் அயன் பெட்டியையும் கேத்திலையும் செருகாமல் இருக்கிறவர் யார்? SLS என்று ஆங்கிலத்தில் போடுகிற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்எல்எஸ் என்று கேட்டாலே கடைக்காரருக்கு விளங்கும். மற்றது, இரண்டு உருண்டை முனைப் பிளக்கைச் சதுர ஓட்டைக்குள் ஏற்ற, மேல் ஓட்டைக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ குத்தி வைக்கிற பழக்கம். இதை எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன். பிளக் தளர்ந்து நிற்கும், சூடேறும், ஒரு நாள் கருகும். பிளக்கை மாற்ற ஐந்து நிமிஷ வேலை.

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் பின்னேரம் இடி மின்னல் தொடங்கிவிடும். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் பழைய ரீவி போனது. அன்றைக்குச் சுவிட்ச் நிப்பாட்டித்தான் இருந்தது. சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டும், மற்றக் கம்பி தொடுத்தபடியே இருக்கும், மின்னலுக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டும் இல்லை. ஆகவே இந்தச் சுவிட்ச் எல்லாம் பில்லுக்குத்தான். முகில் கறுத்தால் பிளக்கையே கழற்ற வேண்டும், ரீவிக்குப் பின்னால் இருக்கிற டிஷ் வயரோடு சேர்த்து. எல்லாம் ஒரே எக்ஸ்ரென்சனில் இருந்தால் ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும், அது ஒரு வசதி. மின்வெட்டுக்குப் பிறகு கறண்ட் துள்ளிக்கொண்டு வரும்போதும் அப்படித்தான். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாடும் இருண்டதே, அன்று கறண்ட் திரும்பும் வரைக்கும் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாப் பிளக்கும் வெளியே. எங்கள் ஊர்க் குரங்குகள் தேங்காயோடு நிற்பதற்கு அன்றுதான் நன்றி சொன்னேன்.

பளையில் காற்றாலை சுற்றுகிறது, மன்னாரில் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட் வரை தருகிறது, கூரை சோலார்காரரை 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு நிப்பாட்டச் சொல்லுமளவுக்குக் கறண்ட் மிஞ்சுகிறது, நீங்கள் ஏன் ஒன்பது வாட்டுக்குச் சண்டை பிடிக்கிறீர்கள் என்று மகளின் புருஷன் கேட்டார். மிஞ்சுவது மத்தியான வெயிலில். டிஷ் பெட்டி இரவு இரண்டு மணிக்கும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அந்த நேரத்தில் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. அதை விடுங்கள், என் பில்லில் இருக்கிற 90 என்ற கோட்டுக்குக் காற்றும் தெரியாது, வெயிலும் தெரியாது.

என் கணக்கு: இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வந்த மூன்று பில் 84, 86, 82. அளந்த 24 அலகும் மிச்சமாகவில்லை, ஏனென்றால் ரீவி பார்க்கிற நேரமும் மகள் வேலை செய்கிற நேரமும் அது ஓடத்தானே வேண்டும். றூட்டரை இரவு படுக்கும்போது மட்டும் நிப்பாட்டுகிறோம். 14 அலகு அளவில் குறைந்திருக்கிறது, காசாக மாதம் 900 ரூபாவுக்குக் கிட்ட. அதில் 600 நிலைக்கட்டணம் மட்டும். மீற்றர் வாசிக்க வருகிற தம்பி மூன்றாம் மாதம், "ஐயா, வீட்டில ஆரும் வெளிநாட்டுக்குப் போட்டினமோ?" என்று கேட்டார்.

இரண்டு வேண்டுகோள். மின்சாரப் பில் தருகிறவர்கள் அதில் எத்தனையோ வரி அச்சடிக்கிறார்கள். "கீழ்ப் படியில் நிற்க இத்தனை அலகு குறைய வேண்டும்" என்று இன்னொரு வரியும் சேர்க்கட்டும். 63 அலகு வந்த வீட்டுக்கு "3" என்று அடித்துக் கொடுத்தால் மிச்சத்தை அந்த வீட்டுக்காரியே பார்த்துக்கொள்வா.

மற்றது அலுவலகங்களுக்கு. பெயர் வேண்டாம், எங்கள் மாவட்டத்து அலுவலகம் ஒன்றைக் கோயில் திருவிழா முடிந்து ஒரு சனிக்கிழமை இரவு கடந்து வந்தேன். கண்ணாடி யன்னலுக்குள்ளால் பார்த்தால் மின்மினி மரம் மாதிரி பச்சையும் சிவப்புமாக நிறையப் பொட்டுகள். மூலையில் சுடுதண்ணி தருகிற மெஷின், சிவப்பு லைட்டோடு. வெள்ளி பின்னேரம் கதவைப் பூட்டினதிலிருந்து திங்கள் காலை வரை அது ஆறின தண்ணியை ஒருவருக்கும் இல்லாமல் திரும்பத் திரும்பச் சுடவைத்துக்கொண்டிருக்கும். என் டிஷ் பெட்டி ஒரு நாள் முழுக்க எடுப்பதைவிட அது ஒரு நாளில் எடுப்பது பல மடங்கு. கதவுப் பக்கத்தில் ஒரு சுவிட்சை வைத்து, கடைசியாகப் பூட்டுகிறவர் தட்ட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்தால் போதும்.

உங்கள் பத்திரிகை அடுத்த தரம் கறண்ட் மிச்சம் பிடிக்கிற குறிப்புப் போடும்போது சார்ஜருக்குப் பதிலாக மீற்றர் லைட்டை எண்ணுகிற அந்த 36 லட்சக் கணக்கைப் போடுங்கள். பழைய சக்கர மீற்றர் உள்ளவர்கள் சக்கரத்தில் உள்ள கறுப்புக் கோடு ஒரு சுற்று வர எத்தனை செக்கன் என்று பார்க்கலாம், கணக்கு அதேதான், எண் மட்டும் அந்த மீற்றரில் உள்ளது. நுளம்புத் திரி ஒன்றைக் கொளுத்தி வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளர்,
விசுவமடு.